வந்த மீன்

வினாக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஆய்வுக்கென்று குளத்தடிக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்று கனகாலமாக மனதில் கிடக்கிறது. பென்சன் எடுத்தவள் சொல்வதைக் கேட்கவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. கேட்காவிட்டால் நட்டம் உங்களுக்குத்தான். எனக்கு இனிப் பதவி உயர்வும் இல்லை, இடமாற்றமும் இல்லை. ஆகவே வாயைக் கட்டிப்போட ஒரு காரணமும் இல்லை.

நான் திருகோணமலை மாவட்டத்தில் நன்னீர் மீன்பிடிப் பக்கம் வேலை செய்தவள். கந்தோர் யன்னலைத் திறந்தால் துறைமுகம். என் வேலை முழுக்க உள்ளே, குளங்களில். கடலைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்து குளத்தைப் பற்றி அறிக்கை எழுதிய காலம் அது. இப்போது உப்புவெளியில் வீட்டில் இருக்கிறேன். காலையில் எழும்பினால் போவதற்கு ஓர் இடமும் இல்லை. கதவு சரியாகப் பூட்டாத அந்தப் பழைய ஜீப், குளக்கட்டில் ஈரப்புல், வலையிலிருந்து மீன் கழற்றுகிறவர்களின் கூச்சல், எல்லாம் ஞாபகத்துக்கு வரும். அதிலும் ஒரு மனிதரின் வாய் ஞாபகத்துக்கு வரும். அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் மீன். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் பாசியைச் சூப்பித் துப்பரவாக்கும் என்று கடைகளில் விற்றார்களே, அந்த டேங்க் கிளீனர். வாங்கும்போது விரல் அளவு. பெருத்தால் முழங்கை அளவு. பெருத்த மீனைக் கொல்ல மனமில்லாத நல்ல மனிதர்கள் அதைக் கொண்டுபோய் வாய்க்காலில் விட்டார்கள். அந்த நல்ல மனிதர்களை இன்றைக்கும் என் கண்ணில் காட்டாதீர்கள். அந்த மீனுக்கு உடம்பு முழுக்க ஓடு, செட்டையில் முள். வலையில் பட்டால் வலையை அறுத்துத்தான் எடுக்கவேண்டும். குளக்கட்டில் பொந்து தோண்டும். வாங்கிச் சமைக்க ஆளில்லை.

கிண்ணியாப் பக்கத்தில் என் பொறுப்பில் இருந்த ஒரு குளத்தில் இது நிறைந்துபோனது. குளத்துக்காரர் இதற்கு வைத்த பெயர் ‘வந்த மீன்’. விராலும் கெளுத்தியும் இருந்த மீன், இது வந்த மீன். எங்கள் சுற்றறிக்கையில் ‘ஆக்கிரமிப்பு அந்நிய இனம்’ என்று அடித்திருந்தார்கள். எனக்குக் குளத்துக்காரரின் பெயர்தான் பிடித்தது. வாயில் இலேசாக வரும்.

அந்தக் குளத்து மீனை வாங்கி ஊர் ஊராக விற்றவர் மஹ்றூப் நானா. மோட்டார் சைக்கிளின் பின்னால் பாரமில்லாத ஒரு வெள்ளை ரெஜிபோம் பெட்டி. அதற்குள் ஐஸ், ஐஸுக்குள் ஜப்பான் மீன். திலாப்பியாவைத்தான் நாங்கள் ஜப்பான் மீன் என்போம். என்னைக் கண்டால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

“ஜப்பான் மீனும் வெளியால வந்ததுதானே நானா? அதை ஏன் வந்த மீன் எண்டு சொல்லாம இருக்கிறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அது வந்து கறிச்சட்டிக்குள்ள போயிட்டு மிஸ். இது வந்து வலைக்குள்ள குந்திக்கிட்டு. உங்கட கந்தோர் ஆக்களப் போல.”

அவருக்குப் பெரிய வியாபாரம் கந்தளாய் ரோட்டில் ஒரு சிங்களக் கிராமத்துச் சந்தியில். தகப்பன் காலத்திலிருந்து போன இடம். மோட்டார் சைக்கிள் கோனை அடித்தால் பெண்கள் சட்டியோடு வருவார்கள். சட்டிக்குள் மீனைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கதையையும் கேட்டுக்கொண்டு வருவார். அந்தச் சந்தி இல்லாவிட்டால் அவருடைய வீட்டில் அடுப்பு எரியாது. அவரே அப்படித்தான் சொல்வார்.

இந்த நேரத்தில் கொழும்புப் பக்கமிருந்து ஓர் ஆய்வுக்குழு வந்தது. மரபணுவில் கைவைத்து இந்த மீனை ஒழிக்கலாமாம். குளத்தில் விடுகிற மீனுக்குப் பிறப்பதெல்லாம் ஆணாகவே பிறக்கும்படி மாற்றிவிடுவார்களாம். பெண் குறையக் குறைய, காலப்போக்கில் அந்த இனமே குளத்தில் இல்லாமல் போகுமாம். எங்கள் குளத்தில் எதையும் விடவில்லை. விடுவதற்கு அவர்களிடம் மீனும் இருக்கவில்லை. ‘இப்படி ஒரு வழி வந்தால் ஏற்பீர்களா’ என்று சனத்திடம் கேட்டுப் பார்க்கத்தான் வந்தார்கள். கேட்பது நல்லதுதான். ஜப்பான் மீனை விட்டபோது ஒருத்தரும் கேட்கவில்லையே.

மீனவர் சங்கக் கட்டிடத்தில் கூட்டம் வைத்தோம். குழுவில் வந்த பிள்ளை கேள்வியை வாசித்தது.

“பரம்பரையலகு மாற்றப்பட்ட மலட்டு ஆண் மீன்களை உங்கள் நீர்நிலையில் விடுவிப்பதை எந்தளவுக்கு ஏற்றுக்கொள்கிறீர்? முற்றாக ஏற்கிறேன், ஓரளவு ஏற்கிறேன்...”

“ஆர்ர பரம்பரையில கை வைக்கப் போறீங்க?” என்றது பின்னால் ஒரு குரல்.

“மீன்ட பரம்பரைதான் காக்கா, உங்கட பரம்பரை இல்ல” என்றார் இன்னொருவர். “உங்கட பரம்பரையில கை வைக்க என்ன கிடக்கு?”

“ஓரளவு ஏத்துக்கொண்டா என்ன செய்வீங்க, அரைவாசி மீனா விடுவீங்க?”

வலை தைக்கிற றகுமா ராத்தா எழும்பினா. “பொம்புள இல்லாத குளமா? அதுகள் ஒண்டையொண்டு கடிச்சே செத்துப்போகும். விடுங்க, நாளைக்கே விடுங்க! இந்த வலையத் தைச்சுத் தைச்சு என்ட விரலப் பாருங்க.”

சிரிப்பு அடங்கியதும் சங்கத் தலைவர் கேட்டார். “மழைக்குக் குளம் நிரம்பி வான் பாய்ஞ்சா இந்தத் தண்ணி அடுத்த குளத்துக்குப் போகும். அங்க இருக்கிறவங்களட்டயும் கேப்பீங்களா? பிழைச்சுப்போனா ஆர் வந்து பொறுக்கிற?”

குழுத் தலைவர் தாள்களைப் புரட்டினார். வினாக்கொத்தில் அந்தக் கேள்வி இல்லை.

கடைசியாக மஹ்றூப் நானா எழும்பினார். அன்று அவர் பகிடி விடவில்லை.

“சேர், நீங்க என்னவும் விடுங்க. அந்த மலடு எண்ட சொல்ல மட்டும் எடுங்க.”

“ஏன்?”

“ஏனா? சாப்பாட்டுக் கடையில முஸ்லிம் ஆக்கள் நாங்க சிங்களவங்கட சோத்தில மலட்டு மாத்திரை போடுறமெண்டு கதை கட்டிக் கடைய உடைச்ச நாடு சேர் இது. மறுகா, மலட்டு மீன் ஆர்ர பெட்டியில போகும்? என்ட பெட்டியிலதானே?”

அங்கே இருந்த எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். மாத்திரையும் இருக்கவில்லை, மண்ணாங்கட்டியும் இருக்கவில்லை. ஆனால் கடைகள் எரிந்தது உண்மை.

நான் குழுத் தலைவரை வெளியே கூப்பிட்டுச் சொன்னேன். இந்த மீன் மலடே இல்லை. குஞ்சு பொரிக்கும், பொரிப்பதெல்லாம் ஆண், அவ்வளவுதான். அப்படியிருக்க இந்தச் சொல் எதற்கு?

“சுருக்கமா இருக்கட்டும் எண்டு போட்டது மிஸ். எல்லா இடத்திலயும் ஒரே கேள்வியத்தான் கேக்கவேணும். இடையில மாத்த ஏலாது.”

சுருக்கம்! சொல்லை எண்ணிக் கூலி கொடுக்கிறார்கள் போல. நான் கத்தினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த நாள் அதே கேள்வியோடு கந்தளாய் ரோட்டுக் கிராமத்துக்குப் போனார்கள். அங்கே சிங்களத்தில் கேட்டார்கள்.

அதற்கு அடுத்த வாரம் மஹ்றூப் நானா என் கந்தோர் வாசலில் நின்றார். சட்டை முழுக்கச் செதிலும் மண்ணும். கையில் உடைந்த ரெஜிபோம் துண்டு ஒன்று. அதை ஏன் கொண்டுவந்தார் என்று அவருக்கே தெரியாது.

“இருங்க நானா.”

“வேணாம் மிஸ். கதிரை மணக்கும்.”

நின்றுகொண்டே சொன்னார். வழக்கம்போலச் சந்தியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருக்கிறார். பெட்டியைத் திறந்தால் மேலே கொஞ்சம் ஜப்பான் மீன், கீழெல்லாம் ஓட்டு மீன். குளத்தடியில் யாரோ பகிடிக்கு நிரப்பி அனுப்பியிருக்கிறான். உடனே சங்கத்துக்குப் போன் எடுத்துக் கத்தியிருக்கிறார். மீன் வாங்க நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு வெறும் சட்டியோடு திரும்பிவிட்டார்கள். பிறகு ஆண்கள் வந்தார்கள். பெட்டியை இழுத்து ரோட்டில் போட்டு உதைத்தார்கள். இனி இந்தப் பக்கம் வந்தால் மோட்டார் சைக்கிள் இருக்காது என்றார்கள்.

“போன்ல என்ன சொன்னீங்க?”

“என்ன மிஸ் சொல்லுவன்? மீன் சரியில்ல எண்டு ஏசினன்.”

“எதுக்கு உதைச்சவங்க?”

“மலட்டு மீன் விக்கிறன் எண்டு சொல்றாங்க. நான் அந்தச் சொல்ல வாயிலயும் எடுக்கல்ல. வல்லாஹி எடுக்கல்ல மிஸ்.”

நான் மேலதிகாரியிடம் போனேன். பெயர் வேண்டாம். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பின்னேரத்துக்குள் நோட்டீஸ் அடித்துவிட்டார். மூன்று மொழியில், பெரிய எழுத்தில், ‘மலட்டு மீன் எதுவும் இக்குளத்தில் விடப்படவில்லை’. சந்தியிலும் கடைகளிலும் ஒட்டிவிட்டுப் படம் எடுத்து அனுப்பும்படி என்னிடம் தந்தார்.

ஜீப்பில் ஏறினால், என்னோடு சந்திக்கு வருவதாக ஏறி இருந்த மஹ்றூப் நானா அந்த நோட்டீஸ் கட்டை மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருக்கிறார்.

“மிஸ், இத ஒட்டாதீங்க.”

“விடேல்ல எண்டுதானே போட்டிருக்கு?”

“அது கடைசியிலதானே மிஸ் கிடக்கு. பஸ்ஸில போறவன் முன்னுக்கு இருக்கிற சொல்லை வாசிப்பான். கடைசிச் சொல் வரக்குள்ள பஸ் போயிடும்.”

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒட்டினால் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. மேலிடம் சொன்னதைச் செய்தேன் என்று போய்விடலாம். ஒட்டாமல் விட்டு நாளைக்கு ஏதாவது நடந்தால் என் கழுத்துக்குத்தான் கயிறு. ஆனால் அந்த மனிதர் சொன்னது சரி. நம்முடைய மொழியில் ‘இல்லை’ கடைசியில்தான் வரும். சிங்களத்திலும் அப்படித்தான். நான் கட்டை வாங்கி என் காலடியில் போட்டு அதன்மேல் சப்பாத்தை வைத்துக்கொண்டேன். போகிற வழியில் மேலதிகாரி போன் எடுத்தார்.

“ஒட்டியாச்சா?”

“பசை இன்னும் காயேல்ல சேர்” என்றேன்.

சந்தியில் சோமா அக்காவின் தேத்தண்ணிக் கடை இருந்தது. மஹ்றூப் நானா பிறக்கும் முன்பே அவருடைய தகப்பனிடம் மீன் வாங்கியவ. பக்கத்தில் ஓட்டோத் தரிப்பிடம். நானாவைக் கண்டதும் நாலைந்து பேர் எழும்பினார்கள். எனக்குப் பயம் வந்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் எனக்குப் பயம் வந்தால் குரல் கூடும். அது எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது.

எனக்கு வேலைக்குப் போதிய சிங்களம் தெரியும். கடைக்குள் போய் ஒரு தேத்தண்ணி சொல்லிவிட்டுக் கேட்டேன்.

“அக்கா, இவர் என்ன செய்தவர்? கேள்விப்பட்டதைச் சொல்லாதீங்க. உங்கட காதில விழுந்ததைச் சொல்லுங்க.”

“நானே கேட்டேன் மிஸ்” என்றா சோமா அக்கா. கண்ணைத் துடைத்தா. கோபத்தைவிட அவவுக்குத் துக்கம்தான் கூட. “இவன் தகப்பன் விற்ற மீனைத் தின்றுதான் நான் பிள்ளை பெற்றேன். இவன் போனில் கத்தினான். பெட்டி நிறைய ‘வந்த’ என்றான். அந்த மீன் விடப்போவதாக போன வாரம்தான் உங்கள் ஆட்கள் வந்து கேட்டார்கள்.”

சிங்களத்தில் மலட்டுக்கு ‘வந்த’ என்பார்கள்.

நானாவைத் திரும்பிப் பார்த்தேன்.

“நானா, போன்ல சொன்னதை அப்பிடியே சொல்லுங்க. ஒரு சொல்லும் மாத்தாமல்.”

அவர் என்னையும் எழும்பி நின்றவர்களையும் பார்த்தார். “பெட்டி நிறைய வந்த மீன் கிடக்குதடா எண்டன். வேறென்ன?”

‘வந்த’ என்றதும் எல்லோர் முகமும் இறுகியது. ஒருவன், “பாருங்கள், இப்போதும் சொல்கிறான்!” என்று முன்னால் வந்தான்.

விளங்கப்படுத்த வாயெடுத்தேன். மூடிவிட்டேன். கந்தோர்க்காரி சொல்கிற விளக்கம் நோட்டீஸ் மாதிரித்தான், யாருக்கும் காதில் ஏறாது. ஓட்டோக்காரர்களில் சற்றுத் தடித்த ஒருவரைப் பார்த்தேன். திருகோணமலை பஸ் தரிப்பிடத்தில் அவரைக் கண்டிருக்கிறேன். தமிழ்ச் சனத்தைக் கூவி பஸ்ஸில் ஏற்றுகிறவர்.

“அய்யா, உங்களுக்குத் தமிழ் தெரியும்தானே?”

“கொஞ்சம் தெரியும் மிஸ்.”

“டவுனில பஸ் வந்ததும் தமிழ் ஆக்களுக்கு என்னெண்டு சொல்லுவீங்க?”

அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தரிப்பிடத்தில் கத்துகிற அதே குரலில் கத்தினார்.

“பஸ் வந்த! பஸ் வந்த!”

கத்திவிட்டு அப்படியே நின்றார். வாய் திறந்தபடி. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது.

“அப்ப அந்த பஸ் மலட்டு பஸ்ஸா?” என்று சிங்களத்தில் கேட்டேன்.

முதலில் சோமா அக்காதான் சிரித்தா. மடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. பிறகு ஓட்டோக்காரர் தன் தலையில் தானே அடித்துக்கொண்டு மற்றவர்களுக்கு விளக்கினார். வெளியால் வந்த மீன், அதைத்தான் சொல்லியிருக்கிறான், தமிழில் ‘வந்த’ என்றால் சிங்களத்தில் ‘ஆவா’. பெட்டியை உதைத்தவர்களில் ஒருவன் நானாவின் தோளில் கை போட்டான். நானாவும் சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

நான் நோட்டீஸ் கட்டைத் திருப்பிக் கொண்டுவந்து மேலதிகாரியின் மேசையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நீளமாக மூச்சு விட்டார். கொஞ்ச நாள் நான் அவருக்குப் பிடிக்காதவளாக இருந்தேன். பரவாயில்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? எனக்குக் கதை இத்தோடு முடியவேண்டும் என்றுதான் ஆசை. அடுத்த நாள் நானா புதுப்பெட்டியோடு அந்தச் சந்திக்குப் போனார். கோன் அடித்தார். எல்லோரும் கைகாட்டினார்கள், சுகம் கேட்டார்கள். ஒருத்தரும் சட்டி கொண்டுவரவில்லை. சோமா அக்கா தேத்தண்ணி கொடுத்தா, காசு வாங்கவில்லை. “இன்றைக்குப் போயா, மீன் சமைக்கமாட்டோம்” என்றா. போயா பௌர்ணமியில்தான் வரும். அன்றைக்குப் பௌர்ணமி இல்லை.

சிரிப்பு வேறு, சட்டி வேறு. ஒரு சொல் பிழை என்று மூளைக்கு விளங்கிவிடும். பிள்ளைக்குச் சோறு போடுகிற கைக்கு விளங்க நாள் எடுக்கும். சில நாள் போய்ப் பார்த்துவிட்டு நானா அந்த ரோட்டையே விட்டுவிட்டார். வெருகல் பக்கம் போனார். தூரம், பெற்றோல், போய்ச்சேர முன் ஐஸ் உருகிவிடும். முகம் வற்றிவிட்டது. என்னோடு பகிடியும் குறைந்துபோனது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

ஆய்வறிக்கை வந்தது. ‘உள்ளூர் மக்களிடம் விழிப்புணர்வு குறைவாக உள்ளமையால் மரபணு முறைகள் மீது எதிர்ப்பு நிலவுகிறது.’ வாசித்துவிட்டு எறிந்தேன். எங்கே எதிர்ப்பு? றகுமா ராத்தா நாளைக்கே விடச் சொன்னா. சங்கத் தலைவர் பிழைத்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். அது எதிர்ப்பா? கார் வாங்குகிறவன்கூட அதைத்தானே கேட்கிறான். மஹ்றூப் நானா மரபணுவைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு சொல்லை எடுக்கச் சொன்னார். அந்த முறை நல்லதா கூடாதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நல்லதாகவும் இருக்கலாம். அந்தச் சனம் முடிவு சொல்வதற்குள் நாங்கள் ஒரு சொல்லால் எல்லாவற்றையும் குழப்பிவிட்டோம் என்பது மட்டும் தெரியும். குழப்பிவிட்டு, பழியை அவர்களின் தலையில் எழுதினோம்.

நீங்களும் போவீர்கள். இந்த மீனுக்கோ இன்னொரு மீனுக்கோ, புதிது புதிதாக வழிகள் வரும். கேள்வியை எழுத முன்பு அதைக் கேட்கப்போகிற எல்லா மொழியிலும் சந்தியில் நின்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல் யாருடைய பெட்டியில் ஏறி வீடு வீடாகப் போகப்போகிறது என்று பாருங்கள். ஒருத்தர் ஒரு சொல்லை எடுக்கச் சொன்னால் கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

நான் பென்சன் எடுத்த பிறகும் மஹ்றூப் நானா இடைக்கிடை போன் எடுப்பார். போன மாதம் எடுத்தார். குரல் பழைய குரலாக இருந்தது.

“மிஸ், கந்தளாய் ரோட்டுப் பக்கம் ஒரு அலுவலாப் போனனான். பெட்டியும் பின்னால இருந்திச்சு. சந்தியில சோமா அக்கா ரோட்டுக்கு நடுவில வந்து மறிச்சிட்டா. ஏன் இவ்வளவு காலமா வரல்ல எண்டு ஏசுறா.”

“அவ ஏசுறாவா? நீங்க என்ன சொன்னீங்க?”

“பைக் பழுது எண்டன்.”

“இத்தனை வருஷமாவா?”

“அவவும் அதத்தான் கேட்டா. சாமான் கிடைக்கல்ல எண்டன்.”

எனக்குக் கோபம் வந்தது. “ஏன் நானா, உண்மையைச் சொல்லியிருக்கலாமே?”

“என்னத்துக்கு மிஸ்? கதை கதைச்சா மீன் பழுதாப்போகும். அதுக்குள்ள அந்தத் தடிச்ச ஓட்டோக்காரன் என்னக் கண்டிட்டான். ஊரே கேக்கக் கத்துறான் மிஸ். ‘மீன் வந்த! மீன் வந்த!’”

போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். “ஐயோ. சனம் பாத்ததா?”

“பாத்தாங்க மிஸ்” என்றார் மஹ்றூப் நானா. “சட்டியோடதான் பாத்தாங்க.”